சுவருக்குள் வைத்தது யார்?

“நான் மந்திரக்காரியா இல்லையான்னு நீங்கதான் கண்டுபுடிச்சுச் சொல்லணும்.”

காலை எட்டு மணிக்கு உள்ளே வந்த பெண், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொன்னாள். வாயில் போட்ட இட்லியை நான் அப்படியே நிறுத்திக்கொண்டேன். கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில், சைக்கிள் கடை மாடியில் இருக்கும் எங்கள் ‘அமிர்தம் துப்பறியும் நிலைய’த்துக்கு இதுவரை வந்த வழக்குகள் மூன்று: காணாமல் போன சேவல், காணாமல் போன பம்ப்செட் மோட்டார், காணாமல் போன மாப்பிள்ளை. சேவல் மட்டும் கிடைத்தது. அதுவும் குழம்பாக.

“மந்திரக்காரியா இருந்தா நல்லதுதாங்க. கீழ இருக்கற சைக்கிள் கடைக்காரர ஒரு வாரத்துக்கு ஊமையாக்கிட்டுப் போங்க” என்றேன்.

“பழனி, வாய மூடிக்கினு சாப்புடு” என்றார் அமிர்தம் அக்கா.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக டிரங்க் கால் போட்டவர். ஊருக்கு ஊர் வார்த்தை எப்படித் திரியும் என்பது அவருக்கு அத்துப்படி. தானே சுழற்றிப் பேசும் டெலிபோன் வந்ததும் வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையைத் திறந்தார். நான் டூரிங் டாக்கீஸ் விளம்பர வண்டியில் மைக் பிடித்துக்கொண்டிருந்தவன். டாக்கீஸை மூடினார்கள், என் வாயை மூட முடியாமல் அக்காவிடம் வந்து சேர்ந்தேன்.

“உக்காரும்மா. பேரு?”

“தங்கமணிங்க. தியாகதுருகத்துப் பொண்ணு. ஏமப்பேர்ல குடுத்திருக்காங்க. கல்யாணமாகி ஆறு மாசம்.” பெண் கண்ணைத் துடைத்துக்கொள்வாள் என்று பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “நான் வந்ததுலருந்து எங்க வூட்டு ஹால் செவுத்துல பூசணம் பூக்குதுங்க. மூணு தபா டிஸ்டம்பர் அடிச்சாச்சு. பினாயில் போட்டு தேச்சாச்சு. பத்தே நாள்ல திரும்பவும் கருப்பா, பச்சையா வந்துடுது. என் வூட்டுக்காரரு அதுலருந்து இருமிக்கினே இருக்காரு.”

“அதுக்கு மேஸ்திரியக் கூப்புடலாமே?”

“போன வாரம் மலை மேலருந்து ஆளு ஒருத்தரு புளி விக்க வந்தாருங்க. செவுத்தப் பாத்துட்டு, ‘இங்க ஓதி வெச்சிருக்கு’ன்னுட்டாராம். அந்தப் பக்கம் யாரு பொழங்கறதுன்னு கேட்டிருக்காரு. எம்மருமவதான்னு எங்க அத்தை சொல்லியிருக்காங்க. அவங்க பொழங்கறதாலதான் இதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.” அவள் குரல் அங்கேதான் லேசாகப் பிசிறியது. “மாசியில நான் எங்கம்மா வூட்டுல பத்து நாள் இருந்தேன். அப்ப செவுரு காஞ்சிடுச்சு. திரும்பி வந்தேன், திரும்பப் பூத்துடுச்சு. புள்ளைய உயிரோட காப்பாத்தணும், இவளக் கூட்டிக்கினு போங்கன்னு எங்க அண்ணனுக்குச் சொல்லியனுப்பிட்டாங்க. இன்னிக்கி அஞ்சு மணிக்கு வேன் எடுத்துக்கினு வராரு. போறதுன்னா போறேங்க. ஆனா மந்திரக்காரின்னு பேரு வாங்கிக்கினு போவ மாட்டேன்.”

அமிர்தம் அக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“அஞ்சு மணிக்குள்ள முடிச்சுடலாம். பழனி, இட்லிய முழுங்கு.”

* * *

அது புது கான்கிரீட் வீடு. கட்டி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஹாலில் காலை வைத்ததுமே நனைந்த கோணிப்பை நாற்றம். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் பெரிய கல்யாணப் போட்டோ. அதன் கீழ்விளிம்பிலிருந்து கரும்பச்சைத் திட்டு தொடங்கி, இடுப்பு உயரம் வரை அகன்று இறங்கியிருந்தது. போட்டோவில் மாப்பிள்ளை முகத்திலும் பாதி பூசணம். பக்கத்தில் எலுமிச்சம்பழம், வேப்பிலை, கற்பூரத் தட்டு என்று ஒரு சின்னக் கோயிலே நடந்துகொண்டிருந்தது.

“மாப்பிள்ளைக்கு மீசை நல்லா மொளைச்சிருக்கு” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை கொளஞ்சியப்பன் மட்டும் இருமினான். உரக்கடை வைத்திருக்கிறானாம். கடையில் இருக்கும்போது இருமல் வராதாம், வீட்டுக்கு வந்தால்தான். அவன் அம்மா ராணியம்மாள் மகனின் முதுகைத் தடவிக்கொண்டே எங்களை முறைத்தார்.

“போலீஸா நீங்க?”

“இல்லைங்க. செவுத்துக்குள்ள இன்னா வெச்சிருக்குன்னு கண்டுபுடிக்க வந்திருக்கோம்” என்றார் அக்கா.

ராணியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. “அதத்தான் நானும் தேடிக்கினு இருக்கேன்! வாங்க, வாங்க. காப்பி குடிக்கறீங்களா?”

“அப்புறம் குடிக்கறோம். அந்த மலை ஆளு இன்னா சொன்னாருன்னு, சொன்னது சொன்னபடி சொல்லுங்க.”

ராணியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். “ஓதி வெச்சிருக்கு. உள்ள வெச்சிருக்காங்க. வெச்சத எடுத்தாத்தான் போவும். எடுக்காங்காட்டி மேல எத்தினி பூசினாலும் நிக்காது. அப்படியேதாம்மா சொன்னாரு. ஆளப் பாத்தாலே தெரிஞ்சுது, பெரிய மந்திரவாதின்னு. நகக்கண்ணு முழுக்க விபூதி!”

“நெத்தியில?”

“நெத்தியில...” ராணியம்மாள் யோசித்தார். “நெத்தியில ஒண்ணும் இல்ல.”

“நெத்தியில இல்லாத விபூதி நகக்கண்ணுல எப்பிடி வந்துச்சு?” என்று அக்கா என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். “அவரு பேசறப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“சமையக்கட்டுல மாவாட்டிக்கினு.”

“கிரைண்டர் ஓடிக்கினு இருந்துச்சா?”

“ஓடாம எப்பிடிம்மா மாவு அரையும்?” என்று ராணியம்மாள் கோபித்துக்கொண்டார்.

அக்கா அடுத்து சுவரின் மறுபக்கம் போனார். மகன் அறையை ஒட்டிய குளியலறை. கீழே ஒரு குழாய், அதற்கு மேல் ஒரு திருகு, உச்சியில் பளபளவென்று ஷவர். ராணியம்மாள் இந்தப் பக்கமே வருவதில்லை. கொல்லைப்புறத் தொட்டியில்தான் குளியல். கொளஞ்சியப்பன் விடியும்போதே வயல் மோட்டாரில் குளித்துவிடுவான். இங்கே புழங்குவது தங்கமணி மட்டும்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. “அக்கா, குழாய் ஒழுவுது!” கீழ்க் குழாயைத் திறந்து இரண்டு பக்கெட் பிடித்தேன். ஓடிப்போய் ஹால் சுவரைத் தடவினேன். புதிதாக ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“வூடு கட்டறப்ப அந்தச் செவுத்துல பைப்பே வெக்கலைங்க” என்றான் கொளஞ்சியப்பன், இருமலுக்கு நடுவே. “நானே கிட்ட நின்னு பாத்தேன். இந்தக் குழாய்க்குக்கூட வெளிப்பக்கமாத்தான் லைன் வருது.”

அக்கா ஷவரைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். கொளஞ்சியப்பனைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “பழனி, ஸ்கூட்டர எடு. சொன்னவரு வாயாலயே அந்த வார்த்தையக் கேக்கணும்.”

* * *

“மலையில ஆயிரம் பேரு புளி விப்பாங்க. எந்த ஆளுன்னு தேடறது?” என்று கத்தினேன். ஸ்கூட்டர் சத்தத்தில் கத்தித்தான் ஆக வேண்டும்.

“நகக்கண்ணுல வெள்ளையா ஒட்டிக்கினு போவாத பொருள் இன்னாடா?”

“தயிர்சாதம்.”

“சுண்ணாம்புடா! அவரு மந்திரவாதி இல்ல, கொத்தனாரு. செவுத்தப் பாத்தா சும்மா போவ மனசு வராது, ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் போவாரு.”

கச்சிராயபாளையத்தில் சுண்ணாம்புக் கடை ஒன்றின் முன் நிறுத்தினோம். மலைக்குச் சுண்ணாம்பு வாங்கிப் போகிற, புளி விற்கிற ஆள் யார் என்று கேட்டதுமே கடைக்காரர், “சடையன்தான். வெள்ளிமலையில கோயில் மதிலுக்கு வெள்ளையடிச்சிக்கினு இருக்காரு” என்று சொல்லிவிட்டார். இருபது வருஷ டெலிபோன் அனுபவத்துக்கு முன்னால் என் தயிர்சாதம் தோற்றது.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஸ்கூட்டர் முனகியது. நான்காவது வளைவில் என்னை இறக்கிவிட்டு அக்காவே ஓட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தாலும் மலைக்காற்று குளுகுளுவென்றுதான் இருந்தது. ஐந்தாவது வளைவில் காத்திருந்து ஏற்றிக்கொண்டார். இப்படியே ஏறி இறங்கி, இரண்டு மணி வாக்கில் வெள்ளிமலை போய்ச் சேர்ந்தோம்.

சடையன் ஏணி மேல் நின்று மட்டையால் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு, முகமெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி.

“ஐயா, ஏமப்பேர்ல ஒரு வூட்டுச் செவுத்தப் பாத்து ஓதி வெச்சிருக்குன்னு சொன்னீங்களா?”

“ஓதியா?” சடையன் ஏணியிலிருந்து குனிந்து பார்த்தார். “நான் எங்கம்மா ஓதினேன்? செவுத்துல ஓதம் வெச்சிருக்குன்னேன். ஓதம்! கட்டியில சீழ் வெக்குதில்ல, அதாட்டம் செவுத்துல தண்ணி கோத்துக்கிச்சு.”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். “எங்க ஊருல ஓதம்னா ஆம்பளைங்களுக்கு வர்ற நோவுங்க. வேட்டியத் தூக்கிப் புடிச்சிக்கினு ஒரு மாதிரி நடப்பாங்க.”

“அதுவும் தண்ணி கோத்துக்கறதுதான்டா. செவுத்துக்கு வேட்டி இல்ல, அவ்ளோதான் வித்தியாசம்” என்றார் அக்கா. அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. “உள்ள வெச்சிருக்காங்கன்னும் சொன்னீங்களாமே?”

சடையன் கீழே இறங்கி வந்தார். “ஆமா. தரையிலருந்து ஓதம் ஏறினா கீழ ஜாஸ்தியா இருக்கும், மேல கம்மியாவும். கூரையிலருந்து எறங்கினா மேல ஜாஸ்தி. இது நட்ட நடுவுல பொறப்பட்டுக் கீழ எறங்குது. மழையும் இல்ல. அப்ப உள்ள தண்ணி வர்ற ஏதோ ஒண்ண வெச்சிருக்காங்க, அந்தப் பக்கம் யாராவது பொழங்கறப்பத்தான் கசியுது. அத எடுத்துப் பாக்காம மேல எத்தினி பூசினாலும் பூசணம் வெளிய வந்துக்கினேதான் இருக்கும். அதத்தான் அந்தம்மாகிட்ட சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாயிட்டுது, கெளம்பிட்டேன். ஏன், இன்னா ஆச்சு?”

அக்கா சொன்னார். கேட்கக் கேட்க சடையனின் முகம் வாடியது. மட்டையை வாளியில் போட்டார்.

“ஐயோ! எங்க மலை ஆளுங்க வாயத் தொறந்தாலே மந்திரம்னு நெனச்சுக்கறாங்களே! நல்லது சொல்லப் போயி ஒரு பொண்ணு குடும்பம் கெடறதா? நடங்க, நானே வந்து சொல்றேன்.”

மூன்று பேர், ஒரு ஸ்கூட்டர், இறக்கம். அந்தப் பயணத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பிரேக் பிடிக்கும் என்று நம்பினோம், பிடித்தது.

* * *

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். வேன் முன்கூட்டியே வந்துவிட்டது. கட்டில் ஏறிவிட்டது; பீரோ பாதி வாசலில். தங்கமணியின் அண்ணன் முனியன் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தார். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

“பீரோவ எறக்குங்க” என்றார் அக்கா. “ராணியம்மா, கிரைண்டரப் போட்டுட்டு சமையக்கட்டுல நில்லுங்க. சடையன் ஐயா அன்னிக்கி சொன்னதத் திரும்பச் சொல்லுவாரு. இன்னா கேக்குதுன்னு சொல்லுங்க.”

கிரைண்டர் கடகடத்தது. சடையன் சுவர் முன்னால் நின்று சொன்னார்.

“பாத்தீங்களா! ஓதி வெச்சிருக்குன்னு இப்பவும் சொல்றாரு!” என்று உள்ளேயிருந்து ராணியம்மாள் கூவினார்.

“இப்ப நிறுத்திட்டுக் கேளுங்க.”

“ஓதம்மா, ஓதம்!” என்றார் சடையன். “ஈரம்! நான் மந்திரவாதி இல்ல தாயி, கொத்தனாரு.”

ராணியம்மாள் சமையற்கட்டு வாசலில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் லேசில் விடுகிற ஆள் இல்லை அவர். “சரி, ஓதமாவே இருக்கட்டும். உள்ள வெச்சிருக்காங்கன்னு சொன்னாரே, அது நெசந்தானே? வெச்சது யாரு?”

“உங்க புள்ள” என்றார் அக்கா.

கொளஞ்சியப்பனுக்கு இருமல் சட்டென்று நின்றுவிட்டது.

“தம்பி, வூடு கட்டறப்ப அந்தச் செவுத்துல பைப்பு இல்லன்னு சொன்னது சத்தியமான வார்த்த. ஆனா கீழ இருக்கற குழாய்லருந்து உச்சியில இருக்கற ஷவருக்குத் தண்ணி எப்பிடிப் போவுது? பறந்தா போவுது?”

எனக்கு என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஷவரைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், நடுவில் பைப்பே தெரியாததை மட்டும் பார்க்கவில்லை. கீழ்க் குழாயைத் திறந்தால் சுவர் எப்படி நனையும்? ஷவர் திருகைத் திறந்தால்தானே உள் பைப்பில் தண்ணீர் ஏறும்!

“ஷவரா?” என்றார் ராணியம்மாள். “எந்த ஷவரு? எங்க இருக்கு ஷவரு?”

“கல்யாணத்துக்கு முன்னாடி வெச்சேம்மா” என்றான் கொளஞ்சியப்பன், தரையைப் பார்த்து. “நீ திருப்பதி போயிருந்த. தங்கமணிக்கு ஆசையா இருக்குமேன்னு செவுத்த ஒடச்சு உள்ள பைப்பு வெச்சுப் பூசிட்டேன். உங்கிட்ட சொன்னா, சொம்பு இருக்கறப்ப தண்ணிய மழையாட்டம் கொட்டணுமாடான்னு வெளக்கமாத்த எடுப்ப.”

“புதுப் பைப்பு எப்பிடிடா ஒழுவும்?”

அக்கா கல்யாணப் போட்டோவைக் கழற்றினார். பின்னால் துருப்பிடித்த ஆணி ஒன்று, தலை மட்டும் தெரிந்தது. அதைச் சுற்றி ஈரம் பளபளத்தது.

“இந்த ஆணி யாரு அடிச்சது?”

“நான்தான்!” என்றார் ராணியம்மாள், பெருமையாக. “கல்யாணத்துக்கு மறு வாரமே. வாசல்ல நுழையறவங்க கண்ணுல எம்மருமவ மூஞ்சிதான் மொதல்ல படணும்னு எடம் பாத்து அடிச்சேன். நாலு அங்குல ஆணி.” சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

“தங்கமணி, உள்ள போயி ஷவரத் தொறம்மா. பழனி, ஆணியப் புடுங்கு.”

முனியன் வேனிலிருந்து குறடு கொடுத்தார். நான் ஆணியைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். சொய்ங் என்று சுவரிலிருந்து தண்ணீர் பீறிட்டு, என் காதை உரசி, நேராக ராணியம்மாளின் உச்சந்தலையில் விழுந்தது. அவர் நகரவில்லை. தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஷவரில் குளித்தார்.

“தண்ணிய நிறுத்து!” என்று கத்தினேன்.

தங்கமணி நிறுத்திவிட்டு வந்தாள். அவள் மாமியாரைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

“அத்தை ஆணி அடிக்கறப்ப நீ எங்க இருந்த?”

“இங்கதான்.”

“பைப்பு அங்க போவுதுன்னு தெரியுமா?”

அவன் தலையை ஆட்டினான். “சொன்னா ஷவரு தெரிஞ்சுடும்னு...”

“ஆறு மாசம்!” அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். “ஆறு மாசமா நான் பூசணத்தத் தேச்சுத் தேச்சுக் கை தோலு உரிஞ்சு போச்சு. தெருவே என்ன மந்திரக்காரின்னுது. நீ இருமிக்கினே கேட்டுக்கினு இருந்த. அண்ணே, பீரோவ ஏத்து. இப்ப நானே வரேன்.”

வழக்கை ஜெயித்துவிட்டோம், பெண் போய்க்கொண்டிருந்தாள்.

ராணியம்மாள்தான் அசைந்தார். மருமகளைத் தாண்டி, ஈரப்புடவை தரையில் இழுபட, தெரு நடுவில் போய் நின்றார்.

“எல்லாரும் கேளுங்க!” அந்தக் குரலுக்கு முன்னால் என் விளம்பர வண்டி மைக்கெல்லாம் ஒன்றுமே இல்லை. “எம்மருமவ மந்திரக்காரி இல்ல! பைப்பு வெச்சது எம்புள்ள, ஆணி அடிச்சது நானு! ஒரு பாவமும் அறியாத பொண்ணு மேல நான் அபாண்டமா பழி போட்டுட்டேன்!” திரும்பினார். கண்ணிலிருந்து வழிவது குழாய்த் தண்ணீர் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. “புள்ள இருமறான்னு பயந்துட்டேன் தங்கமணி. பயத்துல புத்தி கெட்டுப் போச்சு. என்ன மன்னிச்சுடுடி.”

தங்கமணி வாசற்படியில் அப்படியே நின்றாள்.

“அதெல்லாம் சரிங்க” என்றார் முனியன், தலையைச் சொறிந்துகொண்டு. “வேன் எடுத்துக்கினு வந்துட்டேனே. நான் இப்ப இன்னா பண்றது?”

“சும்மா ஏன் போவணும்? இவன ஏத்திக்கினு போங்க!” ராணியம்மாள் மகனைக் கையைப் பிடித்து இழுத்து வேன் பக்கம் தள்ளினார். “எம்மருமவ இங்கதான் இருப்பா. இவனுக்கு ஒரு மாசம் உங்க வூட்டுல சோறு போடுங்க, போதும்.”

தெரு முழுக்கச் சிரித்தது. கொளஞ்சியப்பன் நிஜமாகவே வேன் படியில் ஒரு காலை வைத்துவிட்டான், பாவம்.

“வேணாம்ண்ணே” என்றாள் தங்கமணி.

எல்லோரும் திரும்பினார்கள்.

“அவரு போயிட்டா செவுரு யாரு சொரண்டறது?”

சடையன் தன் பையிலிருந்து கொலுறுக் கரண்டியை எடுத்து நீட்டினார். “பைப்ப மாத்திட்டு, பூசணம் புடிச்ச பூச்செல்லாம் செங்கல்லு தெரியறவரைக்கும் சொரண்டணும் தம்பி. ஜன்னலத் தொறந்து வெச்சு நல்லாக் காய வுடுங்க. பதினஞ்சு நாள் கழிச்சு நானே வந்து பூசித் தரேன்.”

கொளஞ்சியப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவர் முன்னால் போய் நின்றான். முதல் சுரண்டலிலேயே கரும்பச்சைத் தூள் பறந்தது, இருமினான். தங்கமணி கொடியிலிருந்து ஒரு துண்டை உருவிக்கொண்டு அவன் பின்னால் வந்து, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினாள். கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினாள்.

“இப்ப சொரண்டு” என்றாள்.